மீட்கப்பட்ட குதிரை தேறவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

பட்டினியிலிருந்தோ கொடுமையிலிருந்தோ மீட்கப்பட்ட குதிரையைத் தத்தெடுத்து வருபவர்கள் முதல் சில மாதங்களில் சந்திக்கும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. குதிரைகள் மாறினாலும் அதே ஒன்பது பத்துச் சிக்கல்களே திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துவிட்டதால், அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிதில் சரிசெய்யக்கூடிய காரணத்தை முதலிலும், செலவு மிகுந்த காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். எந்த அறிகுறியாக இருந்தாலும் குதிரையின் குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் வலி, பசி, பயம் ஆகிய மூன்றையும் தேடிப் பார்த்துவிட வேண்டும். அவ்வாறு தேடாமல் ‘இது முரட்டுக் குதிரை’ என்று நான் முடிவு கட்டிய ஒவ்வொரு முறையும் அந்த முடிவு தவறாகவே இருந்தது.

## முதல் நாளே குறித்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வெப்பமானியும் ஓர் அளவு நாடாவும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரையிலும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையிலும், மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரையிலும் இருக்கும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். லத்தி ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை விழும். முதல் இரண்டு வாரங்களுக்குக் காலையிலும் மாலையிலும் இவற்றை எழுதி வைத்தால், மருத்துவரை அழைக்கும்போது ‘கொஞ்சம் சோர்வாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டிய நிலை வராது.

எடைமேடை இல்லாதபோது நாடாவால் எடையைக் கணிக்கலாம். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவை அதே அளவால் பெருக்கி, அதைத் தோள்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, வந்த எண்ணை 11,880-ஆல் வகுக்க வேண்டும். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். மார்புச் சுற்று 160, நீளம் 150 என்றால் எடை சுமார் 323 கிலோ. இந்தக் கணக்கு துல்லியமானது அன்று; ஆனால் ஒரே ஆள், ஒரே நாடாவால், வாரம் ஒருமுறை அளந்தால் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அது சரியாகவே காட்டும். இதனுடன் 1983-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹென்னக்கி வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணையும் (ஒன்று என்றால் எலும்பும் தோலும், ஒன்பது என்றால் மிகுந்த பருமன்) குறிக்க வேண்டும். கழுத்து, முதுகின் முன்மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி ஆகிய ஆறு இடங்களையும் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தடவியும் பார்க்க வேண்டும். அடர்ந்த மயிர் விலா எலும்பைக் கண்ணுக்கு மறைத்துவிடும். கையிடம் அது மறைக்க முடியாது.

## அறிகுறி: எலும்பும் தோலுமாக வந்த குதிரை, தீனி கிடைத்த பின் மேலும் சோர்கிறது

இந்தப் பக்கத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவற்றுள் முதலாவது இது. நம்முடைய இரக்கமே இதற்குக் காரணமாகிவிடுகிறது. நெடுநாள் பட்டினி கிடந்த உடல் தன் சதையையும் கொழுப்பையும் கரைத்தே வாழப் பழகியிருக்கும். அந்த நிலையில் ஒரு வாளி தானியத்தை வைத்தால், இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை திடீரென அணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயமும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கக்கூடும். பெரும்பாலும் தீனி தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் இது நேர்கிறது. வந்த அன்று பசியோடு தின்று ‘பிழைத்துக்கொள்ளும்’ என்று எல்லோரையும் நம்பவைத்த குதிரை நான்காம் நாள் காலையில் எழ முடியாமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

### முதலில் பார்க்க வேண்டியது: என்ன தீனி, எவ்வளவு, எத்தனை வேளை

தானியம், கொள்ளு, வெல்லம் கலந்த கலவைத் தீவனம், எண்ணெய் ஆகியவற்றில் எதை வைத்திருந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். பட்டினிக் குதிரைகளுக்கு மாவுச்சத்து குறைந்ததும் புரதமும் தாதுக்களும் மிகுந்ததுமான குதிரைமசால் (லூசர்ன்) உலர்தீவனமே ஏற்றது என்பது கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அங்கு வகுக்கப்பட்ட முறையின்படி முதல் மூன்று நாட்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் விடாமல், வேளைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இலை மிகுந்த குதிரைமசால் தர வேண்டும். நான்காம் நாளிலிருந்து அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ இரண்டு கிலோ என்ற அளவுக்கு வரலாம். பத்தாம் நாளுக்குப் பிறகே அது தின்னும் அளவுக்கு விடலாம். இந்த அளவுகள் நடுத்தர உருவமுள்ள குதிரைக்கு உரியவை. மட்டக் குதிரைக்கு எடைக்குத் தக்கபடி குறைக்க வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒரு கைப்பிடித் தீனி வைத்துவிட்டு, காலியான தொட்டியை நக்கியபடி அது நம்மைப் பார்க்கும்போது திரும்பி நடப்பது கடினம். அந்தப் பார்வைக்கு இளகி இன்னொரு பிடி வைத்துவிடக் கூடாது.

### அடுத்து: தண்ணீர்

தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். மிகவும் நீர் வற்றிய குதிரை ஒரே மூச்சில் வாளி வாளியாகக் குடிக்க முயன்றால், சில லிட்டர்களாகப் பிரித்துச் சிறு இடைவெளி விட்டுத் தரலாம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே படிய வேண்டும். கூடாரம்போல் நின்றால் நீர்ச்சத்து போதவில்லை என்று பொருள். மெலிந்த உடலில் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும் என்பதால், ஈறின் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

### மருத்துவரை அழைக்க வேண்டிய கட்டம்

உடல்நிலை மதிப்பெண் ஒன்று அல்லது இரண்டு என்றால், அறிகுறி எதுவும் தோன்றுமுன்பே, முதல் நாளிலேயே மருத்துவர் வர வேண்டும். தசை நடுக்கம், தள்ளாட்டம், வயிற்றடியிலும் கால்களிலும் நீர் கோத்தல், படுத்தால் எழ முடியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. எழ முடியாத குதிரையைக் கயிறு கட்டி இழுக்காமல், மருத்துவர் வரும்வரை மார்பை ஊன்றிப் படுக்கும்படி கூளப் பொதிகளை இருபுறமும் அணைகொடுத்து வைக்க வேண்டும்.

## அறிகுறி: ஒரு மாதமாகியும் எடை ஏறவில்லை

### உண்மையிலேயே போதிய தீனி அதற்குக் கிடைக்கிறதா?

மற்ற குதிரைகளோடு சேர்த்து விட்டிருந்தால் ஒரு முழு வேளை உட்கார்ந்து பாருங்கள். மீட்கப்பட்ட குதிரை பெரும்பாலும் கூட்டத்தில் கடைநிலையில் இருக்கும். மற்றொன்று காதை மடித்தாலே தொட்டியை விட்டு விலகிவிடும். அதைத் தனியே தடுத்துத் தீனி வைப்பது செலவில்லாத தீர்வு. பிறகு உலர்புல்லை நிறுத்துப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு நார்த்தீனி வேண்டும் என்னும்போது, 400 கிலோ குதிரைக்கு ஆறு முதல் எட்டு கிலோ ஆகிறது. ‘இரண்டு கட்டு போட்டேன்’ என்று சொல்பவர்கள் அந்தக் கட்டைத் தராசில் வைத்துப் பார்த்தால் பலமுறை திகைத்துப் போகிறார்கள்.

### பல்

குதிரைக்குக் கடைவாய்ப் பற்கள் மொத்தம் இருபத்து நான்கு. தேயத் தேய அவை ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலாக இருப்பதால், மேல்வரிசையின் வெளிவிளிம்பும் கீழ்வரிசையின் உள்விளிம்பும் தேயாமல் கத்திபோல் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கின்றன.

வயதான பெட்டைக் குதிரை ஒன்று நாள் முழுவதும் தின்றபடியே இருந்தும் மெலிந்துகொண்டே வந்தது. தொட்டியைக் கழுவும்போது அடியில் கோழிமுட்டை அளவில் ஈரமான புல்லுருண்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். புல்லின் நீளம் அப்படியே இருந்தது, பல் பட்ட தடமே இல்லை, ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக எச்சில் படிந்திருந்தது. மெல்ல முயன்று முயன்று, முடியாமல், வாயிலிருந்து தள்ளியிருக்கிறது. ‘கொள்ளென்றால் வாய் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் வாய் மூடும்’ என்று பழமொழி சொல்கிறது. கடிவாளத்துக்கு வாயை மூடுகிற குதிரையைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பழமொழியை நம்புவதற்கு முன்னால் கடைவாய்ப் பல்லைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

தலையைச் சாய்த்து மெல்லுதல், வாயிலிருந்து தீனி சிந்துதல், வாய்நாற்றம், லத்தியில் முழு நீளப் புல் அல்லது முழுத் தானியம் ஆகியவற்றைக் கண்டால் பல்லைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். வாய்க்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டாம். கடைவாயில் விரல் சிக்கினால் விரல் போய்விடும். மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து, வாயைத் திறந்தபடி வைக்கும் கருவியைப் பொருத்தி, கூர்களை அரத்தால் தேய்ப்பார். பற்கள் தேய்ந்து உதிரும் முதுமையில் உள்ள குதிரைக்கு ஊறவைத்துக் கூழாக்கிய நார்த்தீனியே இனி உணவு.

### குடற்புழு

மீட்கப்பட்ட குதிரைக்குப் புழு இருக்கும் என்பது ஏறத்தாழ உறுதி என்றாலும், வந்த அன்றே மருந்தை வாயில் பிதுக்கிவிடக் கூடாது. லத்தியைக் கொடுத்து முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் குடற்சுவரில் கூடு கட்டி உறங்கும் சிறு புழுக்கள் அதில் தெரியாது. இளங்குதிரையின் குடலில் உருண்டைப்புழுக்கள் நிறைய இருந்து ஒரே நேரத்தில் செத்தால், அவை கயிற்றுப் பந்தாகத் திரண்டு குடலை அடைத்துவிடும். மாக்ஸிடெக்டின் போன்ற மருந்துகள் மிக மெலிந்த குதிரைக்கும் குட்டிக்கும் நஞ்சாகலாம். எனவே எந்த மருந்து, எந்த அளவு, எப்போது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். நம் பங்கு, நாடாவால் அளந்த எடையைச் சரியாகத் தருவதுதான்.

### இவற்றுக்கும் பிறகு

தொட்டிக்கு ஆவலாக வந்து, இரண்டு வாய் தின்று விலகி நின்று பல்லைக் கடிக்கும் குதிரைக்கு இரைப்பைப் புண் இருக்கலாம். உள்நோக்கிக் கருவியால் பார்த்தே உறுதி செய்ய முடியும். கல்லீரல், சிறுநீரகம், இரத்தச்சோகை ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். வெயில்காலம் வந்தும் நீண்ட சுருள்மயிர் உதிராத முதிய குதிரைக்கு மூளையடிச் சுரப்பி நோயை ஐயப்பட வேண்டும். இவை செலவு பிடிப்பவை. தீனி, பல், புழு மூன்றையும் முடிக்காமல் இங்கே வரவேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் கடும் பட்டினியிலிருந்து இயல்பான எடைக்குத் திரும்ப ஆறு முதல் பத்து மாதங்கள் ஆகும்.

### விலா தெரிகிறது, வயிறு மட்டும் பெருக்கிறது

புழுவும், சத்தற்ற முற்றிய புல்லும் இந்தத் தோற்றத்தைத் தரும். பெட்டையாக இருந்தால் சினையா என்று முதலில் பார்த்துவிடுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம் என்பதால், வரும்போதே யாருக்கும் தெரியாமல் சினையாக இருந்த குதிரைகள் பல உண்டு. புழு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும்.

## அறிகுறி: வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது, தரையைக் கால்களால் பறிக்கிறது, புரள்கிறது

இது கோலிக் எனப்படும் வயிற்றுச் சூலை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும். தீனியை அகற்றிவிட்டு, நாடித்துடிப்பையும், ஈறின் நிறத்தையும், விலாவுக்குப் பின்னால் இருபுறமும் காது வைத்துக் குடலின் சத்தத்தையும் பார்த்து, கடைசி லத்தி எப்போது விழுந்தது என்பதோடு சேர்த்து மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள். துடிப்பு 60-ஐத் தாண்டினாலோ, ஈறு செங்கல் நிறமாகவோ நீலமாகவோ மாறினாலோ, குடல் முற்றிலும் அடங்கியிருந்தாலோ, மருந்து கொடுத்தும் வலி திரும்பினாலோ அறுவைச் சிகிச்சை வரை போகக்கூடிய நிலை அது. மருத்துவரைக் கேட்காமல் வலிமருந்து கொடுத்தால், அவர் வந்து பார்க்க வேண்டிய அறிகுறிகளையே மறைத்துவிடுவோம். மெதுவாக நடத்தலாம்; மணிக்கணக்கில் நடத்தி மெலிந்த குதிரையைக் களைப்படையச் செய்ய வேண்டாம்.

திரும்பத் திரும்ப லேசாக வருகிறது என்றால், எளிய காரணங்களைத் தேடுங்கள். தீனியைத் திடீரென மாற்றினீர்களா, தண்ணீர்த் தொட்டி அழுக்காக இருக்கிறதா, மண்ணில் கொட்டித் தீனி வைக்கிறீர்களா என்று பாருங்கள். பட்டினி கிடந்த குதிரைகள் தரையில் ஒரு துரும்பையும் விடாமல் மண்ணோடு நக்கும். ஐந்தாறு லத்தி உருண்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தொங்கவிட்டால், கால் மணி நேரத்தில் பையின் மூலையில் மணல் படிவதைப் பார்க்கலாம். தரையில் ரப்பர் விரிப்புப் போடுவதும், போதிய நார்த்தீனி தருவதும், மருத்துவர் சொன்னால் இசப்கோல் சேர்ப்பதும் இதற்கு உதவும்.

மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் வந்து, கழுத்தை நீட்டி இருமினால், அது வயிற்றுச் சிக்கல் அன்று, உணவுக்குழாய் அடைப்பு. தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி அமைதியாக நிறுத்தி, மருத்துவரை அழையுங்கள். குழாய் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.

## அறிகுறி: நொண்டுகிறது

### ஒரே காலில், திடீரென, காலையே ஊன்றாமல்

காலை ஒடித்துக்கொண்டதோ என்று பதற வைக்கும் இந்த நொண்டலுக்குப் பெரும்பாலும் குளம்புக்குள் கட்டிய சீழே காரணம். குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஆணியோ கல்லோ குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஆணி இருந்தால் பிடுங்காதீர்கள். எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை மருத்துவர் படமெடுத்துப் பார்க்க வேண்டும். ஆணி இல்லையென்றால், குளம்பு சுடுகிறதா என்று மற்றக் காலோடு ஒப்பிட்டு, கணுவுக்குப் பின்னால் இருபுறமும் விரல் வைத்து நாடி பலமாக அடிக்கிறதா என்று பாருங்கள். சீழை மருத்துவரோ லாடக்காரரோ திறந்துவிட்ட பிறகு, வெந்நீரில் எப்சம் உப்புப் போட்டு ஊறவைத்து, கட்டுப் போட்டு உலர்வான இடத்தில் நிறுத்துவது நம் வேலை. தசைவிறைப்புச் சன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, குதிரை மிக எளிதில் ஆளாகும். தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாத மீட்புக் குதிரை என்றால் எந்தக் காயத்துக்கும் இதை மறக்கக் கூடாது.

### இரண்டு முன்கால்களிலும், பின்னுக்குச் சாய்ந்து நின்றபடி

முன்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்கால்களுக்கு மாற்றி, முள்மேல் நடப்பதுபோல் நடந்தால் அது லேமினைட்டிஸ். குளம்பையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் திசு அழற்சியடைந்து, எலும்பே குளம்புக்குள் இறங்கிவிடக்கூடிய நோய் இது. தீனி மாற்றியதாலோ, தானியத்தைத் திருடித் தின்றதாலோ வரலாம். இங்கே சோதித்துப் பார்க்க நேரமில்லை. நடத்தாமல் நிறுத்தி, ஆழமான மெத்தென்ற கூளம் போட்டு, பனிக்கட்டி நீரில் குளம்புகளைக் குளிர வைத்தபடி உடனே மருத்துவரை வரவழையுங்கள்.

### மெல்ல மெல்ல, வளர்ந்து வளைந்த குளம்புகளோடு

ஆண்டுக்கணக்கில் சீவப்படாத குளம்பைக் கண்டதும் ஒரே நாளில் அழகாக்கிவிட வேண்டும் என்று தோன்றும். தசைநார்கள் அந்தக் கோணத்துக்குப் பழகியிருப்பதால், ஒரேயடியாகச் சீவினால் நொண்டல் கூடிவிடும். குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளர்கிறது. முன்பக்கம் முழுவதும் புதிதாக வளர ஓராண்டு வரை ஆகும். முடிந்தால் எக்ஸ்ரே பார்த்து, லாடக்காரரும் மருத்துவரும் கலந்து பேசி, சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவட்டும். குளம்பின் அடியில் உள்ள முக்கோண மெத்தைப் பகுதியின் பள்ளங்களில் கறுப்பாக, அழுகிய நாற்றத்தோடு கசிவு இருந்தால் அது ஈரத்தால் வரும் அழுகல். நாள்தோறும் சுரண்டிச் சுத்தம் செய்து, நிற்கும் இடத்தை உலர வைத்தால் பெரும்பாலும் அதுவே போதும்.

## அறிகுறி: மூக்கில் சளி, காய்ச்சல், தாடையின் கீழ் வீக்கம்

பயணத்துக்குப் பின் ஓரிரு நாள் தெளிந்த நீராக ஒழுகினால், தூசியைக் குறைத்து, உலர்புல்லை நனைத்துத் தந்து கவனிக்கலாம். சளி மஞ்சளாகி, காய்ச்சலும் தாடைக்கடியில் கட்டியும் சேர்ந்தால் ஸ்ட்ராங்கிள்ஸ் என்று கொள்ள வேண்டும். தொற்றிய மூன்று முதல் பதினான்கு நாட்களில் வெளிப்படும் இந்த நோய் வாளி, கயிறு, நம் கை, உடை வழியாகப் பரவும். புதிதாக வந்த எந்தக் குதிரையையும் குறைந்தது மூன்று வாரங்கள் தனியே, தனி வாளியும் தனித் தூரிகையும் வைத்து, மற்றக் குதிரைகளைப் பார்த்து முடித்த பிறகே கவனிப்பது என்னும் ஒழுங்கு இதற்காகத்தான். குணமான பிறகும் தொண்டைப் பைகளில் கிருமியைச் சுமந்து மாதக்கணக்கில் பரப்பும் குதிரைகள் உண்டு என்பதால், பரிசோதனை முடிவு வரும்வரை வேலியைத் திறக்காதீர்கள்.

மூக்குக்குள் புண், இரத்தம் கலந்த பிசுபிசுப்பான சளி, தோலில் வரிசையாக உடையும் முடிச்சுகள் ஆகியவை தென்பட்டால் தொடாமல் விலகி, உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். மனிதருக்கும் பரவி உயிரைக் குடிக்கக்கூடிய கிளாண்டர்ஸாக அது இருக்கலாம். பல நாடுகளில் அரசுக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

## அறிகுறி: தோல் உதிர்கிறது, அரிக்கிறது

முதுகில் தூரிகை முனைபோல மயிர் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்தால் மழை ஈரத்தால் வந்த தொற்று. உலர வைத்து, கிருமிநாசினி ஷாம்புவால் கழுவலாம். பிடரியடியில் நகரும் புள்ளிகள் பேன்கள். வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரை. நமக்கும் ஒட்டும் என்பதால் கையுறை வேண்டும். இரண்டு வாரத்தில் குறையாதவற்றையும், எலும்பு முனைகளில் ஆழமாகிவரும் புண்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: நின்றபடியே தூங்கி முட்டி மடங்கி விழப் பார்க்கிறது

இதை வலிப்பு என்று எண்ணிப் பயந்து அழைப்பவர்கள் உண்டு. குதிரை நின்றபடி கண்ணயரலாம். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது படுத்தே ஆக வேண்டும். புது இடத்தில் பயந்தோ, படுத்தால் எழ வலிக்கும் என்பதாலோ பல நாட்கள் படுக்காத குதிரை, தலை தாழ்ந்து தாழ்ந்து, முன்கால்கள் மடங்கி, திடுக்கிட்டு நிமிரும். முன்கால் கணுக்களின் முன்பக்கம் பாருங்கள்: காய்ந்த சிராய்ப்பு இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும்.

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்: கால் புதையும் அளவுக்குக் கூளம், உருண்டு எழ இடம், இரவில் சந்தடி இல்லாமை ஆகியவை வேண்டும். அடுத்தது துணை. காவலுக்கு இன்னொரு குதிரை கண்ணுக்கு எட்டும் தொலைவில் நின்றால்தான் பல குதிரைகள் படுக்கும். பட்டிக்கு அப்பால் ஓர் அமைதியான கிழக் குதிரையைக் கட்டிய இரவிலேயே, ஒன்பது நாள் படுக்காத ஒன்று உடல் முழுவதும் கூளத் துகளோடு விடிந்து நின்றதைப் பார்த்தேன். இவ்விரண்டும் பலிக்காவிட்டால் மூட்டுவலியைத் தேட மருத்துவர் வர வேண்டும்.

## அறிகுறி: தொட விடவில்லை, பிடிக்க முடியவில்லை

### நாம் அணுகும் விதம்

குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரேயும் வாலுக்கு நேர் பின்னேயும் அதற்குத் தெரியாது. நேராக முகத்துக்கு முன் கையை நீட்டுவதே பாதிச் சிக்கலுக்குக் காரணம். தோளை நோக்கி, பக்கவாட்டில், வளைந்து நடந்து வாருங்கள். அது தலையை உயர்த்தும் இடத்தில் நில்லுங்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பி, தாடை அசைந்து, மூச்சு விட்டதும் ஓர் அடி பின்வாங்குங்கள். நெருங்குவதைவிட இந்தப் பின்வாங்கலே அதற்குப் பாடமாகிறது. அது ஓடிய பின் விலகினால் ஓடினால்தான் விடுவார்கள் என்றும், நின்ற பின் விலகினால் நின்றால் விடுவார்கள் என்றும் கற்றுக்கொள்ளும்.

### ஓரிடத்தை மட்டும் தொட விடாவிட்டால்

எங்கும் தொட விட்டு ஓரிடத்தில் மட்டும் சீறினால், அங்கே வலி இருக்கிறது அல்லது வலியின் நினைவு இருக்கிறது. காதைத் தொட விடாத குதிரையின் காதுக்குள் உண்ணியைப் பார்த்திருக்கிறேன். முதுகைத் தொட விடாததன் சேணத் தழும்புக்குக் கீழே சீழைப் பார்த்திருக்கிறேன். இடது பின்காலைத் தூக்க மறுத்த ஒரு குதிரையை மூன்று வாரம் கயிற்றில் பழக்கினோம். கடைசியில் வலிக்குக் காரணம் வலப்பக்கத் தொடை மூட்டில் இருந்தது. ஒரு காலைத் தூக்கினால் மற்றக் கால்தான் எடையைத் தாங்க வேண்டும் என்பதை அதன்பிறகு நான் மறந்ததில்லை.

### தலைக்கயிற்றைக் கழற்ற முடியாத குதிரை

சிறுவயதில் போட்ட கயிறு வளர்ந்த தலையில் புதைந்திருந்தால், போராடிக் கழற்றாதீர்கள். மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து வெட்டி எடுப்பதே இரக்கமான வழி.

### பயிற்சியாளரை அழைக்க வேண்டிய கட்டம்

மருத்துவர் வலியில்லை என்று சொன்ன பிறகும், நான்கு வாரத்தில் சிறு முன்னேற்றமும் இல்லையென்றாலோ, குதிரை விலகிப் போவதை விட்டு நம்மை நோக்கி வந்து கடிக்கவோ முன்காலால் அடிக்கவோ தொடங்கினாலோ, நீங்கள் தனியே தொடரக் கூடாது. வருபவர் முதல் நாளே குதிரையைப் படுக்கவைத்துக் காட்டுவேன் என்றால், அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

## அறிகுறி: தீனி வைக்கும்போது காதை மடித்துப் பாய்கிறது

பசியின் நினைவுதான் இது. நேரம் தவறாமல் வையுங்கள், வேலிக்கு வெளியிலிருந்து வையுங்கள், உலர்புல் எந்நேரமும் சிறிதாவது இருக்கும்படி பாருங்கள். கையில் வைத்து ஊட்டுவதை நிறுத்துங்கள். தொட்டி ஒருபோதும் காலியாகாது என்பதை உடல் நம்ப ஆறு வாரம், எட்டு வாரம் ஆகலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் இரைப்பைப் புண்ணைத் தேடுங்கள்.

## அறிகுறி: சாதுவாக இருந்த குதிரை மூன்றாம் மாதம் முரண்டு பிடிக்கிறது

தத்தெடுத்தவர்கள் மனமுடைந்து குதிரையைத் திருப்பித் தருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முதல் மாதம் அது சாதுவாக இருக்கவில்லை, எதிர்க்கத் தெம்பில்லாமல் இருந்தது. இப்போது தெம்பு வந்திருக்கிறது. முதலில், வேலையில்லாத குதிரைக்குச் செறிவுத் தீவனம் மிகுதியாகப் போகிறதா என்று பார்த்துக் குறையுங்கள். இரண்டாவது, நாளில் எத்தனை மணி நேரம் வெளியே நடமாடுகிறது என்று பாருங்கள். கொட்டடியில் இருபது மணி நேரம் நிற்கும் குதிரை திமிறத்தான் செய்யும். மூன்றாவது, எடை ஏறியதால் உடல் வடிவம் மாறியிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் பொருந்திய தலைக்கயிறும் வயிற்றுவாரும் சேணமும் இப்போது அழுத்தும். சேணத்தை எடுத்த பின் வியர்வைத் தடத்தின் நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் விழுகிறது.

நான்காவது, நாம் அவசரப்பட்டோமா என்று பார்க்க வேண்டும். உடல்நிலை மதிப்பெண் ஐந்தை நெருங்கி, மருத்துவர் முதுகையும் கால்களையும் பார்த்து அனுமதித்த பிறகே ஆள் ஏறலாம். அதற்கு முன்னால் சில வாரங்கள் கையில் பிடித்து நடத்தினால் மட்டும் போதும். சில குதிரைகளின் முதுகு இனி ஒருபோதும் ஆளைத் தாங்காது. அதை மருத்துவர் சொன்னால் ஏற்றுக்கொண்டு, அந்தச் சேணத்தை விற்றுவிட்டு, வந்த பணத்துக்கு உலர்புல் வாங்கிப் போடுங்கள்.